குங்குமம் வைத்த பீடிங்

சாம்பமூர்த்தி குருக்களுக்கு ஒரு சாக்குக் கிடைத்துவிட்டால் போதும், அதைச் சோறூட்டி வளர்ப்பார். கடந்த ஒரு வருஷத்தில் அவர் வளர்த்துவிட்ட சாக்குகளை வைத்துத் தனியாக ஒரு பள்ளிக்கூடமே நடத்தலாம் என்று அவர் மனைவி பாகம்பிரியாள் சொல்வாள். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவளுக்கு மட்டும் சிரிப்பு வராது.

விஷயம் இதுதான். அண்ணாமலையார் கோயிலில் முறை வைத்துப் பூஜை செய்கிற குடும்பம் அவருடையது. விவரம் தெரிந்த வயதிலிருந்து பௌர்ணமி தவறாமல் வெறுங்காலோடு மலையைச் சுற்றியவர். இப்போது இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. கோயிலில் நின்று பூஜை செய்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கிரிவலத்தையெல்லாம் மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனுஷன் மறக்கவும் இல்லை, வேறு வழி தேடவும் இல்லை. பௌர்ணமி வந்தால் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்திக்கொள்வார். கூட்டம் நடந்து போகிற சத்தம் காதில் விழக்கூடாதாம். ஆட்டோ வைத்துக்கொண்டு சுற்றி வரலாமே என்று யாராவது சொன்னால், கெட்ட வார்த்தை பேசிய மாதிரி முறைப்பார்.

பாகம்பிரியாளும் கல்யாணமான நாளிலிருந்து அவரோடு சுற்றியவள்தான். அவர் நடைக்கு அவளால் ஈடுகொடுக்க முடியாது. அவர் முன்னால் போய், மலைக்குப் பின்புறம் இருக்கிற அடி அண்ணாமலையில் ஒரு கடை வாசலில் உட்கார்ந்துகொண்டு, அவள் வந்து சேர்ந்ததும் "வந்துட்டியா? தேர் கூட உனக்கு முன்னாடி வந்துடும்போல" என்று சுக்குக் காப்பியை நீட்டுவார். அந்தக் கிண்டலும் அந்தக் காப்பியும் போனதில் அவளுக்கு வருத்தம் இருந்தது. கிண்டல் செய்த மனுஷனே காணாமல் போனதுதான் பெரிய வருத்தம். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், கேட்டால் பதில் சொல்வார், அவ்வளவுதான். அவரை மறுபடி மலையைச் சுற்ற வைக்க வேண்டும், பழைய ஆளாக ஆக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு இந்த வருஷம் வேறு வேண்டுதல் இல்லை.

அதற்கு அவள் நம்பியது ஒரு பழைய பியட் காரை. அவளுடைய அண்ணன் வேலூர் வீட்டைக் காலி செய்தபோது, வேண்டுமானால் நீ எடுத்துக்கொள் என்று விட்டுப்போன வண்டி. அவள் எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்டதோடு நிற்காமல், பேரன் பேத்தி எடுக்கிற வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸும் வாங்கிவிட்டாள். கீழ்பென்னாத்தூர் வரைக்கும் தனியாக ஓட்டிப்போய் வேர்க்கடலை வாங்கி வந்திருக்கிறாள். குருக்கள் மட்டும் இன்றுவரை அதில் ஏறியதில்லை.

"வாங்க, கார்ல ஒரு சுத்து போய்ட்டு வரலாம்" என்று அவள் முதல் தடவை கூப்பிட்டபோது அவர் தயாராக ஒரு பதில் வைத்திருந்தார்.

"அந்த வண்டியப் பாத்தியா? பெயின்ட் உரிஞ்சு கெடக்குது, பீடிங் தொங்குது. பின்னமான விக்ரகத்துக்கு எவனாவது பூஜை பண்ணுவானா? பின்னமான வண்டில சாமியச் சுத்தறது மட்டும் ஆகுமா? எல்லாம் முழுசா ஆகட்டும். அப்ப வர்றேன்."

உடைந்த சிலையைக் கருவறையில் வைக்க மாட்டார்கள் என்பது வாஸ்தவம்தான். அதை ஒரு பியட் காருக்கும் பொருத்திய முதல் ஆகமப் பண்டிதர் அநேகமாக இவராகத்தான் இருக்கும். வண்டி எங்கே முழுசாகப் போகிறது என்ற தைரியத்தில் சொல்லிவிட்டார். பாகம்பிரியாள் அதைக் கொடுத்த வாக்காக எடுத்துக்கொண்டுவிட்டாள்.

வேட்டவலம் ரோட்டில் ஷெட் வைத்திருக்கிற பெயின்டர் சடையன் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தான். பீடிங் என்பது முன் விளக்குக்குப் பக்கத்திலிருந்து பின் விளக்கு வரை வண்டியின் இரண்டு பக்கமும் ஓடுகிற பளபளப்பான பட்டை. பார்வைக்கு ஒரே கோடு. உண்மையில் முன் மட்கார்டுக்கு ஒன்று, கதவுகளுக்கு ஒவ்வொன்று, பின்பக்கத்துக்கு ஒன்று என்று தனித்தனித் துண்டுகள்.

"பீடிங் மேல டேப் ஒட்டி அடிச்சா ஓரத்துல பழைய கலர் காட்டிக் குடுத்துடும்மா" என்றான் சடையன். "கழட்டிட்டுத்தான் அடிக்கணும். ஆனா நான் கைவைக்க மாட்டேன். வளைஞ்சா போச்சு, இதுக்கெல்லாம் மாத்து பீஸ் கெடைக்கறது ரொம்பக் கம்மி. நீங்களே பொறுமையா கழட்டிக் குடுங்க."

பொறுமைக்கு அவளிடம் பஞ்சமில்லை. குருக்களோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவள்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் வேலை ஆரம்பமானது. ஸ்க்ரூடிரைவரை வைத்து நெம்பினால் பட்டையும் கெடும், வண்டியும் கீறும். அதனால் பழைய மர அகப்பையின் காம்பைத் தட்டையாகச் சீவி, துணி சுற்றி வைத்துக்கொண்டாள். மணைமேல் உட்கார்ந்து, துருப்பிடித்த கிளிப்புகளுக்கு எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஒரு கிளிப் இருக்கிற இடம் பார்த்துக் காம்பை நுழைத்து மெல்லத் தூக்குவாள். அது விட்டுக்கொடுத்ததும் அடுத்தது. ஒரேயடியாக இழுத்தால் பட்டை நடுவில் மடங்கிவிடும். பட்டைக்குப் பின்னால் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அப்பிய சந்தனம் காய்ந்து கட்டியாக இருந்தது. அவள் அண்ணன் மனைவிக்குக் கை தாராளம்.

முதலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போன குருக்கள், அப்புறம் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வண்டிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவராகவே கையை நீட்டி, கழற்றிய பட்டையை வாங்கிக் கிழிந்த வேட்டித் துணியில் சுற்றத் தொடங்கினார். பாகம்பிரியாள் கண்டும் காணாத மாதிரி இருந்தாள். வாயைத் திறந்தால் எழுந்து போய்விடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

"எந்தப் பக்கத்துதுனு அடையாளம் வைக்க வேணாமா?" என்றார் அவர்.

"பேனா எடுத்துட்டு வரட்டா?"

"பேனா எதுக்கு? இடப்பக்கத்துதுக்கெல்லாம் குங்குமம், வலப்பக்கத்துதுக்கெல்லாம் விபூதி. சாமிக்கு வலது பாதி, அம்பாளுக்கு இடது பாதி. இந்த ஊர்ல பொறந்தவனுக்கு இது மறக்குமா?"

அவளுக்கே அந்த யோசனை ரொம்பப் பிடித்துப்போனது. அம்மனுக்கு உடம்பில் பாதியைக் கொடுத்த சாமி இருக்கிற ஊரில், பியட் காருக்கும் பாதி பாதி பிரித்துக் கொடுத்தால் குறைந்தா போய்விடும்? குருக்கள் தண்ணீரில் குழைத்து, துணியின்மேல் அழகாக ஒரு பொட்டு, ஒரு பட்டை என்று வைத்துக்கொண்டே வந்தார். முன்பக்கத் துண்டுகளும் கதவுத் துண்டுகளும் அன்றைக்கே முடிந்தன. மறுநாள் பின்பக்கத் துண்டுகளைக் கழற்றியபோது, முன்னால் வெயில் விழுகிறதென்று நாற்காலியைத் தூக்கி வண்டிக்குப் பின்னால் போட்டுக்கொண்டார். அவள் கழற்றிக் கொடுத்தாள், அவர் சுற்றி அடையாளம் வைத்தார். எல்லா மூட்டைகளும் பரண்மேல் ஏறின. வண்டி சடையனின் ஷெட்டுக்குப் போனது.

திரும்பி வந்தபோது வண்டி அடையாளமே தெரியவில்லை. இளம் வெற்றிலைப் பச்சையில் அடித்து, கண்ணாடி மாதிரி தேய்த்து அனுப்பியிருந்தான் சடையன். தெருவில் இருந்த நாலு பேர் வந்து தொட்டுப் பார்த்தார்கள். குருக்கள் மட்டும் எல்லோரும் போனபிறகு வந்து தொட்டுப் பார்த்தார்.

பீடிங்கைத் திரும்ப மாட்டுகிற வேலையை விடியற்காலையிலேயே ஆரம்பித்தாள் பாகம்பிரியாள். சென்னையிலிருந்து புதுக் கிளிப்புகள் வரவழைத்திருந்தாள். ஒவ்வொரு துளையிலும் மழைத் தண்ணீர் இறங்காமல் இருக்க ஒரு பொட்டுக் கிரீஸ் வைத்து, கிளிப்பைப் பொருத்தி, முன்னாலிருந்து பின்னால் வரை பூக்கட்டுகிற நூலை இழுத்துப் பிடித்துக் கோடு பார்த்துக்கொண்டாள். நூலின் மறுமுனை குருக்கள் கையில். குங்குமத் துண்டு இடப்பக்கம், விபூதித் துண்டு வலப்பக்கம். உள்ளங்கையால் மெல்லத் தட்டினால் போதும், 'டிக்' என்று போய் உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க அவளுக்குப் பாட்டு வந்தது. குருக்களும் சேர்ந்து முனகினார். ஒரு வருஷமாக அந்த வீட்டில் கேட்காத சத்தம் அது.

ஆனால் முன்பக்கம் முடிந்து கதவுகளும் முடிய முடிய அவருடைய முனகல் தேய்ந்துகொண்டே போனது. பின்பக்கத் துண்டுகள் இரண்டுதான் பாக்கி. அவை முடிந்தால் வண்டி முழுசு. வண்டி முழுசானால் சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற வேண்டும். தண்ணீர் குடிக்கப் போனவர் திரும்பி வர வெகுநேரம் ஆனது. அவளும் அதைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள்.

பின்பக்கத்து முதல் மூட்டையைப் பிரித்தாள். குங்குமம். இடப்பக்கம் கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள். ஒரு முனை உட்கார்ந்தால் மறுமுனை தூக்கியது. கிளிப்புக்கும் பட்டைக்கும் ஏணி வைத்தாலும் எட்டவில்லை.

"இது இந்தப் பக்கத்துது இல்லீங்க" என்றாள்.

"குங்குமம் வச்சிருக்கு. என் கையால வச்சது."

"வச்சிருக்கலாம். உக்கார மாட்டேங்குதே."

"முரண்டு பண்ணுது, அவ்ளோதான். நகரு."

"அழுத்தாதீங்க!"

அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் உள்ளங்கையை வைத்து ஒரு அழுத்து அழுத்திவிட்டார். 'டிக்' என்று கேட்கவில்லை. 'டக்' என்று கேட்டது. பட்டை நடுவில் மடங்கி, கிளிப்பைக் கவ்வுகிற விளிம்பு பிளந்து நின்றது.

பாகம்பிரியாள் பட்டையை எடுத்து, மணைமேல் துணி விரித்துக் கவிழ்த்து வைத்து, சப்பாத்திக் கட்டையால் உருட்டி உருட்டி மடிப்பை நிமிர்த்திப் பார்த்தாள். மடிப்பு ஓரளவு நிமிர்ந்தது. பிளந்த விளிம்பு சேரவில்லை. இனி அது எந்தக் கிளிப்பிலும் நிற்காது. சடையனுக்குப் போன் செய்தாள். தேடிப் பார்க்கலாம், எப்போது கிடைக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள் என்றான்.

போனை வைத்துவிட்டு, விபூதி வைத்த மற்ற மூட்டையைப் பிரித்து, அதை அதே இடப்பக்கத்தில் வைத்துத் தட்டினாள். வெண்ணெய் மாதிரி போய் உட்கார்ந்தது.

குருக்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல எழுந்து வண்டிக்கு முன்னால் போய் நின்றார். வலது கையைத் தூக்கினார். பிறகு பின்னால் வந்து நின்று மறுபடி அதே கையைத் தூக்கினார். அவர் முகத்தில் அசடு வழிந்தது. சன்னதியில் சாமி நம்மைப் பார்த்து இருக்கிறார். அதனால் சாமியின் இடது பாதி, எதிரே நிற்கிற குருக்களின் வலது கைப்பக்கம் வரும். பிறந்ததிலிருந்து பழகிய கை. முதல் நாள் வண்டிக்கு எதிரே உட்கார்ந்து வலது கைப்பக்கம் வந்ததற்கெல்லாம் குங்குமம் வைத்தார். எல்லாம் சரியாக இருந்தது. மறுநாள் பின்னால் உட்கார்ந்தும் அதே கைப்பக்கத்துக்கே குங்குமம் வைத்துவிட்டார். சாமியைப் பின்னால் நின்று பார்த்துப் பழக்கமில்லாத மனுஷன், என்ன செய்வார்!

"என் தப்புதான்" என்றார். பிறகு, பிளந்த பட்டையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "பின்னமாயிடுச்சே, பாகம்" என்றார்.

குரலில் வருத்தம் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் அந்த வருத்தத்துக்கு அடியில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அதுவா காதில் விழாது? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இப்ப நிம்மதியா உங்களுக்கு? சொல்லுங்க. இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம் இல்ல?"

"அப்படி இல்ல பாகம்..."

"வேற எப்படி? அகப்பைக் காம்ப வச்சுக்கிட்டு நான் குந்திக் குந்தி எதுக்குச் செஞ்சேன்? கார் மேல ஆசையிலயா?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வழி பூரா என்னத் தெரிஞ்சவங்க" என்றார். "கடைக்காரன், சாமியாருங்க, பூக்காரி எல்லாரும். குருக்களே, என்னா வேகம்னு கும்பிட்டவங்க. அவங்க முன்னாடி கார்ல உக்காந்துக்கினு போனா என்னா நெனப்பாங்க? கால் போன ஆளப் பொண்டாட்டி தூக்கினு போறானு சொல்ல மாட்டாங்களா? எனக்கு வெக்கமா இருக்கு பாகம்."

ஒரு வருஷமாகச் சாக்குகளைப் போட்டு மூடிவைத்திருந்தது இதைத்தான். பாகம்பிரியாளுக்கு அழுகை வந்தது. அழுதால் கோபம் போய்விடும், கோபம் போனால் காரியம் கெட்டுவிடும் என்று அடக்கிக்கொண்டாள்.

"கார் பின்னம், நீங்க பின்னம். எல்லாத்தையும் பரண்ல ஏத்திட்டு நான் யார்கூடப் போறது?" என்று கேட்டாள். "திருவூடல்ல அம்மன் கோவிச்சுக்கிட்டுக் கதவச் சாத்திப்பாங்க, சாமி தனியா மலையச் சுத்தப் போவாரு. நம்ம வீட்ல மாத்தி நடக்கட்டும். நீங்க கதவச் சாத்திக்கிட்டு உள்ள இருங்க. நான் போறேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. கிரீஸ் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினாள். வலப்பக்கம் பின்னால் பட்டை இல்லாமல், கிளிப்புகள் பல்லைக் காட்டிக்கொண்டிருக்க, வெற்றிலைப் பச்சை பியட் கொட்டகையை விட்டு வெளியேறியது.

வீம்புக்குக் கிளம்பிவிட்டாளே தவிர, சந்து முனைக்குப் போவதற்குள் அந்த வீம்பு இறங்கிவிட்டது. தனியாகச் சுற்றி வந்து என்ன ஆகப்போகிறது? அடி அண்ணாமலையில் யார் உட்கார்ந்திருக்கப் போகிறார்கள்? திரும்பி வந்தால் அதே ஜன்னல், அதே மனுஷன். முனையில் ஒரு ஆட்டோ பெரிய தெருவில் ஏற வழி கிடைக்காமல் நின்றது. அதற்குப் பின்னால் நிறுத்திவிட்டு, கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தாள்.

குருக்கள் வந்துகொண்டிருந்தார். ஒரு கையால் சுவரைத் தொட்டுத் தொட்டு, ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து, ஆனால் முன்னைப் போல வேகமாக. மேல்துண்டு நழுவுவதைக்கூடக் கவனிக்கவில்லை. அவள் பார்வை அவருடைய காலுக்குப் போனது. டாக்டர் சொன்னதிலிருந்து அவர் வீட்டுக்குள்கூட மெத்துமெத்தென்ற செருப்பில்லாமல் நடப்பதில்லை. இப்போது வெறுங்கால். கிரிவலத்துக்குச் செருப்போடு யாராவது கிளம்புவார்களா? அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் கண்ணில் வந்து நின்றது.

இடப்பக்கக் கதவைத் திறந்துகொண்டு, முனகியபடி காலை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

"பின்ன வண்டிங்க இது" என்றாள் அவள், முன்னால் பார்த்தபடி.

"திருப்பணி நடக்கறப்போ கோயில் பூரா பிரிச்சுப் போட்டுத்தான் கெடக்கும். அதுக்காகச் சுத்தறத யாரு நிறுத்தறா?"

"இத ஒரு வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"ஒரு வருஷம் முன்னாடி நீ என்ன உட்டுட்டுக் கெளம்பலயே!"

அவள் சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, குனிந்து தன் செருப்பையும் கழற்றிச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, வெறுங்காலால் கிளட்சை மிதித்தாள். ஆட்டோ நகர்ந்தது. கோயிலைக் கும்பிட்டுக்கொண்டு, செங்கம் ரோட்டைப் பிடித்து, வண்டி மெதுவாகப் பாதையில் ஏறியது. பௌர்ணமி இல்லை, கூட்டம் இல்லை. தெரிந்த பூக்காரி ஒருத்தி "யாரு, குருக்களா?" என்று எட்டிப் பார்த்தாள். குருக்கள் ஒரு கணம் பின்னால் சாய்ந்தார். பிறகு என்ன தோன்றியதோ, கண்ணாடியை இறக்கி, "எங்க வூட்டம்மா ஓட்டுது!" என்று சத்தமாகச் சொன்னார்.

மலையை வலப்புறம் வைத்துத்தான் சுற்ற வேண்டும். வலப்புறம் ஸ்டியரிங்கும் பாகம்பிரியாளும் இருந்தார்கள். மலை தெரிய வேண்டுமானால் அவளைத் தாண்டித்தான் அவர் பார்க்க வேண்டும். அதனால் வழிநெடுக அவர் அவள் பக்கமாகத் திரும்பி, இரண்டு கையும் கூப்பியபடியே உட்கார்ந்து வந்தார். எதிரே வந்தவர்கள் குருக்கள் பெண்டாட்டியைத்தான் கும்பிடுகிறார் என்று நினைத்திருப்பார்கள். அவர் கையை இறக்கவில்லை.